தாழ் இல்லாத வீடுகள்

“ராத்திரி கதவுக்குத் தாழ் போடுவீங்களாம்மா?”

யகானா கேட்டதும் கெல்லு வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். யகானாவுக்குத் துணையாக ராணுவ முகாமிலிருந்து அனுப்பிய சிப்பாய் அங்கே நின்றிருந்தான். பிறகு கெல்லு சிரித்தாள்.

“தாழா? எதுக்கும்மா? இங்க என்ன பயம்?”

காலையிலிருந்து போன எல்லா வீட்டிலும் இதே பதில், இதே சிரிப்பு.

ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் இருக்கும் தும்பாரியைத் தீவிரவாதிகளிடமிருந்து மீட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு அமைதி திரும்பிவிட்டதா என்று வீடு வீடாக விசாரித்து மதிப்பெண் போடுவது யகானாவின் வேலை. போன வருடம் இதே ஜனங்கள், இருட்டியதும் உரலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு விடிய விடிய விழித்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை நல்ல மதிப்பெண் வந்தால், ஊர் எல்லையில் இருக்கும் ராணுவ முகாமை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது ஊருக்கே தெரியும்.

கெல்லு கம்பங்கூழும் வறுத்த நிலக்கடலையும் கொண்டுவந்து வைத்தாள். சந்தை நன்றாக நடக்கிறது, பொழுது சாய்ந்தும் ஆட்கள் நடமாடுகிறார்கள், யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்காரியும் இதே வார்த்தைகளை இதே வரிசையில்தான் சொல்லியிருந்தாள்.

யகானா கதவருகே போய் மரத்தைத் தடவிப் பார்த்தாள். தாழ் இருந்த இடத்தில் வெறும் ஆணித் துளைகள். யாரோ நெம்பிப் பெயர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கிணற்றடியில் கிழவிகள் இருந்தார்கள், தெருவில் பையன்கள் பந்து உதைத்தார்கள். வயதுப் பெண் ஒருத்தியைக்கூடக் காணோம்.

“உங்க பொண்ணுங்க எங்கம்மா?”

“அத்தை வீட்டுக்குப் போயிருக்காங்க.”

எல்லா வீட்டுப் பெண்களும் அத்தை வீட்டுக்குத்தான் போயிருந்தார்கள்.

யகானாவுக்கு விஷயம் புரிந்தது போலிருந்தது. தீவிரவாதிகள் திரும்பி வந்துவிட்டார்கள். பெண்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறார்கள். முகாம் போய்விட்டால் மறுநாளே ஊர் அவர்கள் கையில்.

வெளியே வந்து மேலதிகாரி கச்சல்லாவுக்குப் போன் செய்தாள். அவருக்கு எரிச்சல். தும்பாரி தேறிவிட்டது என்று அவர் ஏற்கனவே தலைநகரத்தில் சொல்லிவைத்திருந்தார்.

“ஊரே நல்லாயிருக்குன்னு சொல்லுது. நீ ஒருத்தி மட்டும் இல்லைங்கற. மேல கேட்டா நான் என்னத்த சொல்றது?”

“அவங்க சொன்னபடி எழுதினா இங்க பொணம் விழும் அண்ணே. அப்ப என்ன சொல்வீங்க?”

வேலை போனாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். பெயர்த்த தாழ்களைப் பற்றியும் காணாமல் போன பெண்களைப் பற்றியும் சொன்னாள். கச்சல்லா மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். மதியத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். முகாம் அங்கேயே இருக்கும், கூடுதலாக ஆட்களையும் அனுப்புகிறார்கள் என்றார்.

யகானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்முன் கெல்லுவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சிப்பாய் வண்டியை எடுத்துவரப் போன நேரத்தில் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைந்தாள். கெல்லுவின் கைகளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“என்கிட்ட நடிக்க வேண்டாம்மா. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. முகாமை எடுக்க மாட்டாங்க. இன்னும் நிறைய சிப்பாய்ங்க வராங்க. இனிமே நீங்க பயப்படாம தூங்கலாம்.”

கெல்லுவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்ல வடிந்தது. கைகளை உருவிக்கொண்டாள். வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மூலையில் இருந்த தானியக் குதிருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“அப்படியே இருங்கடி, வெளிய வராதீங்க. ராத்திரியில வர்ற சிப்பாய்ங்க போகப் போறதில்லையாம்.”