கடைசி மாடி

குளியலறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் விறைப்பாக நிற்கிறார். முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். மனைவியின் முகம் மறந்துபோன பிறகும் வேலை மறக்கவில்லை. எந்த மாடி என்று கேட்டு, ஒவ்வொரு மாடியாக எண்ணி முடித்தபிறகுதான் கதவைத் திறப்பார். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டைமேல் காலை வெயில் கோணலாக விழுகிறது. மனைவி வெந்நீர் வாளியைக் கீழே வைக்கிறாள். விடிய விடிய அவர் பின்னாலேயே நடந்ததில் அவளுக்குக் கண் எரிகிறது. "எந்த மாடிம்மா?" தினமும் முதல் மாடி என்றுதான் சொல்வாள், அப்போதுதான் வெந்நீர் ஆறாது. ஒருநாள் வாய்தவறி எட்டு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. இன்று அவள் சுவரில் சாய்ந்துகொள்கிறாள். "பதினொண்ணு. கடைசி மாடி." "ரொம்ப நேரம் ஆகும்மா." "ஆகட்டுங்க." அவர் நிதானமாக எண்ணத் தொடங்குகிறார். வாளியில் ஆவி மெலிந்துகொண்டே வருகிறது. நாலாவது மாடியில் அவள் தலை சரிகிறது. கைப்பிடியை விடாமல், மறு கையை அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கொடுக்கிறார். "நீங்க தூங்குங்கம்மா. மாடி வந்ததும் நானே எழுப்பறேன்."