அம்மா மூச்சைப் பிடித்திருக்கிறாள்

சின்னக்கானல் தேயிலைக்காட்டில் அடுத்த மலைக்குக் கேட்கப் பேசும் அம்மா, இந்து அக்காவின் ஆய்வகத்தில் முந்தானையால் வாயைப் பொத்தி நிற்கிறாள். “மேசையில இடிச்சிராதம்மா, மூச்சுப் பட்டாலும் துளி ஆடிரும்” என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கண்ணில் பொருத்தும் கடின லென்சுக்காக அக்கா உருவாக்கிய புதுப் பொருளின் வில்லை, சட்டைப் பொத்தான் அளவில் விளக்கொளியில் மின்னுகிறது. தண்ணீர் படர்ந்தால்தான் அது கண்ணை உறுத்தாது. இதுவரை செய்த வில்லைகளில் எல்லாம், சேம்பிலையில் நிற்பதுபோல் துளி உருண்டே நின்றது. இப்போது ஊசிமுனையிலிருந்து ஒரு துளி இறங்குகிறது. பக்கத்துக் கணினித் திரையில் அது குன்றாக எழுந்து, மெல்லச் சரிந்து, தோசைமாவுபோல் பரவுகிறது. துளியின் விளிம்பு வில்லையைத் தொடும் கோணத்தை அக்கா திரையில் அளக்கிறாள். “படர்ந்திருச்சும்மா. இனி மூச்சு விடு.” அம்மா முந்தானையை எடுக்கிறாள். “ஏட்டி, இன்னொரு சொட்டு விடு. லயத்து வீடுகள்ல போய்ச் சொல்லணும்ல, நல்லாப் பாத்துக்கிறேன்.” சொல்லிவிட்டு, தானே மறுபடி வாயைப் பொத்திக்கொள்கிறாள்.