மண்டபத்துக் குத்துவிளக்கு

இந்தக் காலத்தில் ஆளை எதிரே உட்கார வைத்துக்கொண்டே அத்தாட்சி கேட்கிறார்கள். என் மகள் சுகந்தி பல வருஷமாக வெப்சைட் செய்தவள். கனடாவுக்கு விண்ணப்பிக்க ஏஜெண்டிடம் போயிருந்தோம். அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் சான்றுக் கடிதம் தர ஆளில்லை.

"செஞ்ச சைட்டையாவது காட்டுங்க மேடம்" என்றான் ஏஜெண்ட்.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் எப்போதோ எடுத்துவிட்டிருக்க, வெறும் வெள்ளைப் பக்கமாக வந்தன. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சைட் மட்டும் திறந்தது. அதன் ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. சுடர் காற்று பட்டதுபோல் ஆடியது.

"இது நான் செஞ்சதுப்பா" என்று என்னிடம் சொன்னாள்.

"உங்க பேர் இதுல எங்க இருக்கு?" என்றான் அவன்.

"விளக்குல ஆசாரி பேரைத் தேடித்தான் வாங்குவியா?" என்று கேட்டேன்.

"ஐயா, நமக்குத் தெரிஞ்ச கம்பெனி இருக்கு. மேடம் அங்க வேலை பார்த்ததா லெட்டர் தருவாங்க. அதைக் காட்டினா போதும்."

"அவ வாசப்படி மிதிக்காத கம்பெனியா?" என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான் போறாங்க."

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தை மூடப்போனான். சுகந்தி அவன் கையைத் தடுத்தாள். ஆனால் கடிதம் வேண்டாமென்று சொல்லவில்லை. சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். செய்ததை நம்பாதவர்கள் செய்யாததை எப்படி நம்புவார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.