இன்னும் எரேமியாவில்

மழையா, வெறும் மூட்டமா, சரியாக நினைவில்லை. 1991 டிசம்பர் சாயங்காலம் அது. ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் எழிலரசி வேதாகமத்தை அவசரமாகப் புரட்டுகிறாள். வருஷக்கடைசி ஆராதனையில், அதை முழுதும் படித்தவர்களைப் போதகர் எழுந்து நிற்கச் சொல்வார். அவள் இன்னும் பழைய ஏற்பாட்டில், எரேமியா புத்தகத்தில் இருக்கிறாள். செருப்பு நுனி தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. “இன்னாம்மா, ஆண்டவரை இப்படித் துரத்திகினு போற?” என்கிறார் கூட வேலை பார்க்கும் சாம்சன். “தோட்டத்துக்குக் கடைசி மணியில வந்தவனுக்கும் முழுக் கூலி குடுத்தவரு. அவரு இன்னா டைம் கீப்பரா?” “அது புதிய ஏற்பாட்டுக் கதை, அதுக்கு நான் இன்னும் வரலைண்ணா.” சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். மங்கும் வெளிச்சத்தில், அன்று முதன்முறையாக ஒரு வசனத்தைத் திரும்பப் படிக்கிறாள். கால் மட்டும் ஓயவில்லை. அந்த ஆராதனையில் அவள் எழுந்து நிற்கவில்லை. ஈஸ்டருக்குப் படித்து முடித்தாள். சாம்சன் கடைசிவரை மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தைத் தாண்டவில்லை.