மரப்பெரணியின் பதில்

தனியாக வாழும் முதியவர்கள் நாளுக்கு ஐந்நூறு சொற்களாவது பேச வேண்டும். குறைந்தால், வீட்டுச் சுவரிலும் தோட்டச் சுவரிலும் பேச்சைக் கேட்டு எண்ணும் கருவி நல மையத்துக்குச் சொல்லிவிடும். மையத்து ஆட்கள் வந்து முதியோருக்கான பொது விடுதிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதனால் கோத்தகிரியில் சுலோச்சனா தினமும் தன் தோட்டத்து மரப்பெரணிச் செடியோடு பேசினாள். ஆளுயரம் வளர்ந்துவிட்ட அதன் தண்டில் நீரூற்றியபடியே ஊர்க்கதையெல்லாம் சொல்வாள்.

இன்று காலை மையத்துப் பெண் அழைத்தாள்.

"அம்மா, நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா மூணு வருஷமா யாருமே பதில் சொல்லலையே. இனிமே அதையும் பார்ப்பாங்க."

"தோட்டத்துல ஒருத்தர் இருக்கார்மா. மெதுவாத்தான் பேசுவார்."

"அப்ப கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க."

விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் கிடைக்கும்; பெரணிக்கு இடமில்லை. சுலோச்சனா தோட்டத்துக்குப் போய்த் தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி போதுமா?"

குரலைக் கனமாக்கிக்கொண்டு அவளே, "போதும்" என்றாள். ஒரு சொல் போதாது என்று தோன்றியது.

"நீ சாப்பிட்டியா?" என்று அதே கனத்த குரல் கேட்டது.

சுலோச்சனா தண்டின்மேல் கையை வைத்தபடி, தன் சொந்தக் குரலில், "இன்னும் இல்ல" என்றாள்.