ஜூலு மொழி யாருக்கு?

"நம்ம லாரி கம்பெனில ஜூலு பாஷை யாருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம்!"

ஃபஸீலா கேட்டதும் லெபோ பந்தாய் தெருவில் இருந்த அந்த ஆபீஸே சிரித்தது. மூலை மேசையில் இருந்த நாராயணன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

எந்த லாரி எங்கே நிற்கிறது என்று சொல்கிற லினக்ஸ் சர்வரைச் சுத்தம் பண்ணும் வேலையை முதலாளி ஜாஹிர் காலையில்தான் ஃபஸீலாவிடம் கொடுத்திருந்தார். "புது மெஷினுக்கு மாறப்போறோம். இருக்கிற குப்பையையும் தூக்கிட்டுப் போக வேணாம். எதெது தேவைன்னு ஒரு லிஸ்ட் கொடு."

அந்த மெஷினுக்குள் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஆள் கேட்டுப் போட்ட மென்பொருள் பேக்கேஜ் ஒன்று. அதற்குத் துணையாகத் தானே வந்து சேர்ந்தது இன்னொன்று. துணைக்கு வந்ததை, தேவை இல்லையென்றால் மெஷினே கழித்துவிடும். ஆள் கேட்டுப் போட்டதை ஆள்தான் கழிக்கணும். வழக்கமாக அது ஐம்பது, அறுபது இருக்கும். இதில் முந்நூற்றுச் சொச்சம்!

"ஐஸ்லாந்து பாஷைக்கு ஒண்ணு. ஜூலுவுக்கு ஒண்ணு. ஏன் அண்ணே, நம்ம டிரைவருங்க எல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்தா வர்றாங்க?"

"அழிச்சிடும்மா," என்றார் நாராயணன்.

"அழிக்கிறது என் வேலை அண்ணே. போடுறதுதான் உங்க வேலை!"

பக்கத்து மேசை சல்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இந்த முந்நூறும் ஒரேயடியாக உள்ளே இறங்கியதில் டிஸ்க் நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. பதினோரு லாரி பட்டர்வொர்த் துறைமுகத்தில் சாயங்காலம் வரைக்கும் போக வழி தெரியாமல் நின்றது. "கை தவறிட்டேன் பாஸ்" என்று நாராயணன் ஒத்துக்கொண்டு வார்னிங் லெட்டர் வாங்கினார். ஃபஸீலா அப்போது பயிற்சிக்கு வந்து ஒரு மாதம்தான். இப்போது அவளுக்கு வேலை நிரந்தரம். வாயும் நிரந்தரம்.

நாராயணனுக்கு அப்படியில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். இந்த வருஷக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

ஜாஹிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஃபஸீலா, யாரு, எப்ப போட்டதுன்னு மெஷின்ல பதிவு இருக்கும்லா? அதையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு பன்னெண்டு மணிக்கு வா. நாராயணன், நீங்களும் வாங்க. உங்க கான்ட்ராக்ட் விஷயத்தை இன்னிக்கே முடிச்சிடுவோம்."

"ஆதாரத்தோட வர்றேன் பாஸ்!"

ஜாஹிர் உள்ளே போனதும் சல்மா குசுகுசுத்தாள். "போதும்டி, பாவம். மக கெலுகோர்ல யுனிவர்சிட்டி படிக்குதாம்."

"பாவம் பார்த்தா சர்வர் ஓடுமா? தெரியாத ஆளு எதுக்கு அந்த நாற்காலியில உட்காரணும்? நானா இருந்தா அன்னிக்கே வெக்கப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிருப்பேன்."

நாராயணன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

மெஷின் தன் பதிவுகளை மாதம் மாதமாகக் கட்டி வைத்திருந்தது. பத்து மாதத்துக்கு முந்திய கட்டை ஃபஸீலா பிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை. மணி 12:41. பக்கத்தைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு, சூடாக வந்த தாளை நின்றபடியே படித்தாள்.

கட்டளையில் கடிதம் தட்டுகிற ஆபீஸ் மென்பொருளின் பெயர், அதன் வாலில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தப் பெயரில் ஆரம்பிக்கிற அத்தனையும் கொண்டு வா என்று அர்த்தம். ஐஸ்லாந்தும் ஜூலுவும் வந்தது அப்படித்தான்.

அடுத்த வரியில் கேட்டவர் பெயர் இருந்தது.

ஃபஸீலா.

காது இரண்டும் சூடாகிவிட்டது அவளுக்கு. ஒரு கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்குவதற்கு என்னவோ போட்டது ஞாபகம் வந்தது. மெஷின் என்னமோ கேட்டது. சரி என்று 'ஒய்' தட்டிவிட்டு நாசி கண்டார் சாப்பிடக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது நாராயணன் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நீ வீட்டுக்குப் போம்மா, இதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவளும் போய்விட்டாள்.

பயிற்சியில் இருக்கிற பிள்ளைக்கு வார்னிங் லெட்டர் கிடையாது. நேரே வாசல்தான்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் ஜாஹிர் முன்னால் நின்றார்கள்.

"கடைசியா கேக்கிறேன்," என்றார் ஜாஹிர். "அத்தனை குப்பையையும் போட்டது யாரு?"

நாராயணன் ஃபஸீலாவையும் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த தாளையும் பார்க்கவில்லை.

"அன்னிக்கே சொன்னேனே பாஸ். நாந்தான்."

"பத்து வருஷமா கை தவறாத மனுஷன் நீங்க. எனக்கு என்னமோ நம்பிக்கை வரல." ஜாஹிர் ஃபஸீலா பக்கம் திரும்பினார். "மெஷின் என்ன சொல்லுது? அது வேற பேரு சொன்னா, நாராயணனுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுறேன்."

ஃபஸீலா தாளை இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக மடித்தாள்.

"அண்ணன் சொன்னதுதான் பாஸ்."