நடிகை படம் போட்ட சென்ட்

"புருஷன் மஸ்கட்ல. இவ யாருக்குடி இப்படி மணக்கறா?"

கனகா கேட்டதும் பீங்கான் பட்டறையே சிரித்தது. அம்சவல்லிக்குக் கேட்காமல் இல்லை. பொம்மையைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

சென்ட் மஸ்கட்டிலிருந்து வந்ததுதான். பாட்டில் மேல் வெளிநாட்டு நடிகை ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள். காலையில் பூசினால் சுருக்கென்று மூக்கைப் பிடிக்கும். பத்து மணிக்கு ஐஸ்கிரீம் கப்பைத் திறந்த மாதிரி வெனிலா வாசனை. மத்தியானம் சூளைச் சூட்டில் இன்னும் இனிக்கும். சாயங்காலம் மண் தூசியோடு கலந்து சேலையிலேயே தங்கிவிடும். அப்படியும் போகாது. கனகாவின் வயிற்றெரிச்சலே அதுதான்.

"மத்தியானமானா நெத்தியில தைலம் வேற. புருஷன் நெனப்பு மண்டையப் பொளக்குதாம்!"

அதே தொட்டியில் எதிரே வேலை செய்யும் வீராயி மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வயது. லாரியில் அடிபட்டுக் கணவன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை பட்டறையில் பூ பங்கு வைக்கும்போது, பூ வைத்த கை அவளைத் தாண்டித்தான் அடுத்தவளிடம் போகும். அவள் அப்போதெல்லாம் பொம்மையைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வாள்.

அன்று சூளையைப் பிரித்ததும் மேஸ்திரி கோதண்டபாணி கத்தினார்.

"எல்லாரும் இங்க வந்து பாருங்க!"

ஒரு பலகை நிறைய யானைப் பொம்மைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கிளேஸ் பிடிக்காமல் மொட்டையாக இருந்தது. பிசுக்குக் கை பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாது. கை கழுவாமல் பொம்மையைத் தொடக் கூடாதென்பது பட்டறையில் முதல் பாடம்.

"சென்ட் பூசுன கை! உங்க ரெண்டு பேரு தொட்டிதானே? இதை முக்குனது யாரு?"

வீராயி என்னமோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டு அம்சவல்லி முன்னால் வந்தாள். "நான்தாங்க மேஸ்திரி."

"நான் அப்பவே சொல்லல?" என்றாள் கனகா.

"நாளையிலேர்ந்து வைக்கோல் கொட்டகைக்குப் போயி பொம்மைய வைக்கோல் சுத்திப் பொட்டியில கட்டு. கிளேஸ் பக்கமே வராத" என்றார் மேஸ்திரி.

ஐந்து வருஷம் அந்த வைக்கோல் தூசியில் தும்மித் தும்மித்தான் கிளேஸ் தொட்டிக்கு வந்திருந்தாள் அம்சவல்லி. இருந்தும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் திமிர் என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். வீராயி சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து அம்சவல்லியின் மடியில் வைத்தாள். பிரித்தால், நடிகை பல்லைக் காட்டினாள்.

"நீ குடுத்தத நீயே வச்சுக்கக்கா. நான் முக்குன பொம்மைய நீ முக்குனதா சொல்லிட்ட. நாளைக்கு மேஸ்திரிகிட்ட உண்மைய சொல்லிடறேன்."

"என்னான்னு சொல்லுவ? புருஷன் செத்தவ சென்ட் பூசிக்கறேன்னா? கனகா உன்னை உசுரோட விடுவாளா?"

வீராயிக்குக் கண் நிரம்பிவிட்டது. "தப்புதாங்க்கா. ஆனா காலையில ஒரு சொட்டு வச்சா, சாயங்காலம் வரைக்கும் நானும் ஒரு பொம்பளன்னு இருக்குது."

அம்சவல்லி பாட்டிலைத் திறந்து வீராயியின் கழுத்தில் ஒரு சொட்டு தடவினாள்.

"இனிமே பஸ்ஸுல பூசிக்க. வூட்டுல கேட்டா, அம்சவல்லி பக்கத்துல உக்காந்தேன், ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு."

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் கழுத்திலும் தடவிக்கொண்டாள்.

"ஐயோ, உனக்குத்தான் இது பட்டாலே தலைவலி வருதேக்கா! இப்ப நீ எதுக்கு?"

"அதோ கனகா ஏறுறா." அம்சவல்லி பாட்டிலைத் துணிக்குள் மறைத்தாள். "ரெண்டு பேரும் மணந்தா, எப்பவும்போல என்னை மட்டுந்தாண்டி திட்டுவா."